விடியக்காலை நாலரைக்கு ஒரு அப்பலாச்சியக் கச்சேரி: தோட்டத்தில் கூடியிருந்து கேட்பது எப்படி

அங்கே சனிக்கிழமை இரவு ஏழு மணி. இங்கே ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை நாலரை. இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்) பதினொரு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சின்னப் பெட்டி ஸ்பீக்கர் இரண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பக்கத்து இளம் பாட்டுக்காரர்கள் பாடுவதை நேரலையில் கேட்டோம். அதற்குப் பிறகு இன்னும் ஆறு தடவை கேட்டுவிட்டோம். நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கமிருந்து கடைக்கு வரும் தம்பிமார் சிலர் "அண்ணே, அதை எப்படிச் செய்யிறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுக்க எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் கடை பூட்டியிருந்தபோது, அங்கேயும் மேடைகளெல்லாம் மூடிக்கிடந்தன. பாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து, போனை எதிரே வைத்து நேரலையாகப் பாடினார்கள். அப்படி ஒரு நாள் ஒரு பெண் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். பின்னால் தகரக் கூரை, அதற்குப் பின்னால் மலை, மலை இடுக்கில் பனி. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "இது எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

யூடியூபில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாமே, எதற்கு விடியக்காலையில் எழும்ப வேண்டும் என்று கேட்பார்கள். பதிவை நாம் தனியாகக் கேட்கிறோம். பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடுகிறோம். நேரலையில் தள்ள முடியாது. பாட்டு முடிகிறது, அவள் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கிறாள், தண்ணி குடிக்கிறாள், தன் பாட்டன் வேலை செய்த சுரங்கத்தைப் பற்றி ஏதோ சொல்கிறாள், பிறகு அடுத்த பாட்டு. அந்த இடைவெளியில் அறையில் இருப்பவர்களும் காத்திருக்கிறார்கள். காமன் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்த சனம் நாம். காத்திருந்து கேட்பது நமக்குத் தெரிந்த விசயம். போனுக்கு முன்னால்தான் அதை மறந்துவிடுகிறோம்.

முதலில் மணிக்கணக்கு

இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். அப்பலாச்சிய மலை அமெரிக்காவின் கிழக்குப் பக்கம். மேற்கு வேர்ஜீனியா முழுவதும், கிழக்கு கென்டக்கி, வேர்ஜீனியாவின் தென்மேற்கு மூலை, கிழக்கு டெனசி, வட கரோலினாவின் மேற்கு, இவைதான் நாம் தேடும் பாட்டுக்காரர்கள் அதிகம் உள்ள இடங்கள். இவற்றில் ஏறக்குறைய எல்லாம் கிழக்கு நேரத்தில் ஓடுகின்றன. மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை, அவர்களுடைய மணியோடு ஒன்பதரை மணித்தியாலம் கூட்டினால் நம் மணி வரும். மற்ற மாதங்களில் பத்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். அதாவது சனி இரவு 7 மணிக் கச்சேரி, கோடையில் நமக்கு ஞாயிறு காலை 4.30, குளிர்காலத்தில் 5.30.

நேஷ்வில் நகரமும் டெனசியில்தான் இருக்கிறது. ஆனால் அது மத்திய நேரம், இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தும். அமெரிக்கானா என்ற பெயரில் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) பாடும் பலர் நேஷ்விலிலிருந்துதான் ஒளிபரப்புவார்கள். அறிவித்தலில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல், எந்த நேரம் என்று போட்டிருப்பதையும் பாருங்கள்.

கிழமையும் முக்கியம். அங்கே வெள்ளி இரவு என்றால் நமக்குச் சனிக்கிழமை, பெரட்டு (வேலைக்கு ஆள் கூட்டிப் பிரிக்கும் விடியக்காலைக் கூட்டம்) இருக்கும் நாள். வேர்ஜீனியாவில் ப்ளொய்ட் என்ற சின்ன ஊரின் பழைய கடையொன்றில் வெள்ளி இரவுதோறும் பாட்டும் ஆட்டமும் நடக்கும். அது உலகறிந்த இடம். மேற்கு வேர்ஜீனியாவில் 1983இல் தொடங்கிய மவுண்டன் ஸ்டேஜ் வானொலி நிகழ்ச்சி பெரும்பாலும் ஞாயிறு இரவில்தான், நமக்குத் திங்கள் விடியல். இவற்றையெல்லாம் நான் கடையில் பதிவாகக் கேட்பேன். தோட்டத்தில் கூடிக் கேட்க, சனி இரவுக் கச்சேரிதான் தோது. அதிலும் கொழுந்து கூடிய மாதங்களில் ஞாயிறும் கைக்காசுக் கொழுந்துக்கு, அதாவது எடுத்த கொழுந்துக்குக் கையில் காசு வாங்கும் வேலைக்கு, போவார்கள், அப்போது யாரையும் வற்புறுத்தாதீர்கள். மார்கழியை விட்டுவிடுங்கள், அந்த மாதம் விடியக்காலையில் கோயில் ஸ்பீக்கர் பாடும், அதோடு நாம் போட்டி போடக்கூடாது.

இடமும் சத்தமும்

இஸ்தோப்பில் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். லயம் என்பது வரிசையாக ஒட்டிய தொழிலாளர் வீடுகள், அதில் ஒரு காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவுக்குக் கேட்கும். ஆறு நாள் மலையேறி இறங்கிய சனம் தூங்கும் ஒரே காலை ஞாயிறு. ஆகவே லயத்திலிருந்து விலகிய இடம் வேண்டும். எங்களுக்குப் பிள்ளைக்காம்பரா அமைந்தது. ஞாயிறு அங்கே பிள்ளைகள் இல்லை, நிலம் சுத்தம், பாய் இருக்கிறது. பொறுப்பாக இருக்கும் அக்காவிடம் பேசி, தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். கடிதத்தில் எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் பொறுப்பு என்று மூன்றும் எழுதினால் அதிகம் கேள்வி வராது. வாசகசாலையோ கோயில் மண்டபமோ இருந்தால் அதுவும் நல்லது. கோயிலென்றால் பூசை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய சவுண்ட் செட் வேண்டாம். நம் நாட்டில் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அதைப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். சட்டம் கிடக்கட்டும், இந்தப் பாட்டுக்கே அது ஒத்துவராது. ஒரு கிட்டாரும் ஒரு குரலும் பாடுவதைத் திருவிழா ஸ்பீக்கரில் போட்டால், மூச்சு வாங்கும் சத்தமும் விரல் தந்தியில் வழுக்கும் சத்தமும் செத்துப்போகும். கம்பியூட்டருக்கு வைக்கும் சின்னப் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு போதும். அவற்றை நிலத்தில் வைக்காமல், பாயில் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு ஒரு பலகைமேல் வையுங்கள். பேஸைக் குறைத்துவிடுங்கள். கதவுக்கு வெளியே பத்தடி தள்ளிப் போய் நின்று பாருங்கள். பாட்டு என்று தெரிய வேண்டும், சொல் விளங்கக்கூடாது. அதுதான் சரியான அளவு.

புளூடூத்தில் போட்டால் படத்தில் வாய் அசைந்த பிறகு சத்தம் வரும். சில போனில் அது பெரிதாகத் தெரியாது, சிலதில் பார்க்கவே முடியாது. போனையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஓக்ஸ் வயர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஓட்டை இல்லாவிட்டால் சார்ஜர் ஓட்டையில் போடும் சின்ன மாற்றி ஒன்று கடைகளில் இருக்கிறது. படத்துக்கு எந்த வீட்டிலாவது இருக்கும் டிவி போதும். வெள்ளைத் துணி கட்டி புரொஜெக்டர் வைத்தால் எல்லோரும் படத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு நான் விட்டுவிட்டேன்.

டேட்டா பற்றிப் பயப்படாதீர்கள். நடுத்தர அளவுப் படத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜீபி அளவில் போகும். வெறும் சத்தமென்றால் அறுபது எம்பி அளவுதான். பல பேக்கேஜில் நடுச்சாமத்துக்குப் பிறகு தனி டேட்டா இருக்கும், அதைப் பாருங்கள். கவலைப்பட வேண்டியது கவரேஜ். எங்கள் பிள்ளைக்காம்பராவில் ஜன்னலோரம் இரண்டு கோடு வரும், நடு அறையில் ஒன்றும் வராது. அதனால் ஒரு போனை ஜன்னல் கம்பியில் கட்டி, அதிலிருந்து ஹொட்ஸ்பொட் எடுத்து, இன்னொரு போனில் கச்சேரியைப் போட்டோம். மழை நாளில் கரண்ட் போகும். ஸ்பீக்கர் யூஎஸ்பியில் ஓடுவதாக இருந்தால் ஒரு பவர் பேங்க் காப்பாற்றும். முந்திய ஞாயிறு அதே நேரத்தில் போய் ஏதாவது ஒரு நேரலையைப் போட்டுப் பாருங்கள். பகலில் பார்த்துவிட்டு நம்பக்கூடாது.

வயதானவர்களை இருட்டில் தனியாக வரவிடாதீர்கள். படிக்கட்டு பனியில் வழுக்கும், எங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. நாலைந்து பேராக, டோர்ச்சோடு, பேசிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கேட்பவர்களைத் தயார்படுத்துவது

இதுதான் இருக்கிற வேலையில் பெரிய வேலை. வயரும் ஸ்பீக்கரும் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இதற்கு எனக்கு ஒரு கிழமை போகும்.

இளம் பாட்டுக்காரர் என்றால் அவர் என்னென்ன பாடுவார் என்று முன்கூட்டித் தெரியாது. அவர் ஏற்கனவே வெளியிட்ட பாட்டுகளில் ஆறைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை கேட்டு, யார் பாடுவதாக இருக்கிறது, எங்கே நடக்கிறது, என்ன நடந்தது என்று மூன்று வரி தமிழில் எழுதுவேன். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதில்லை. ஆறில் மூன்று நாலு கட்டாயம் வந்துவிடும். சனிக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போதே சிலரிடம் அதைச் சொல்லிவிடுவேன். விடியக்காலையில் பாட்டு தொடங்கியபின் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பாட்டுக்கு நடுவில் "இப்ப என்ன சொல்றான்னா" என்று விளக்கம் கொடுத்தால் பாட்டும் போச்சு, விளக்கமும் போச்சு. இரண்டு பாட்டுக்கு இடையில் அவர்கள் சுருதி சேர்க்கும் நேரம் நமக்குப் போதும்.

மலையைப் பற்றி முதலில் சொல்லுங்கள். அமெரிக்கா என்றால் நம் சனத்துக்கு உயர்ந்த கட்டடங்கள்தான் ஞாபகம் வரும். அப்பலாச்சிய மலைத்தொடரில் மிக உயரமான சிகரம் வட கரோலினாவில் இருக்கும் மவுண்ட் மிச்சல், 2,037 மீற்றர். நம் சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். "அவங்க மலையைவிட நம்ம மலை உசரம்" என்று சொன்னதும், பின்வரிசையில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் வேலை. அங்கே நிலக்கரிச் சுரங்கம். சுரங்கக் கம்பனி வீடு கட்டிக் கொடுக்கும், கம்பனியே கடை நடத்தும், பல இடங்களில் சம்பளத்தைக் காசாகக் கொடுக்காமல் அந்தக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் வில்லையாகக் கொடுத்தார்கள். கடன் தீராது; கடன் தீராதவன் ஊரைவிட்டுப் போக முடியாது. இதை நான் சொல்லி முடிக்கும் முன்னமே என் பெரியப்பா, "துண்டு" என்றார். ஆமாம், 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை, நம் ஆட்களின் கடனை எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய அதே மாதிரிச் சீட்டு. அந்தச் சொல்லை அவர் தன் தகப்பனிடம் கேட்டிருக்கிறார்.

1931இல் கென்டக்கியின் ஹார்லன் பகுதிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில், புளோரன்ஸ் ரீஸ் என்ற பெண்ணின் கணவரைத் தேடி, அந்தப் பகுதிப் பொலிஸ் தலைவரான ஷெரிப்பின் ஆட்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவர் தொழிற்சங்கக்காரர். வந்தவர்கள் போனபிறகு அந்தப் பெண் சுவரில் தொங்கிய கலண்டர்த் தாளைக் கிழித்து அதில் ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டு இன்றைக்கும் வேலைநிறுத்தங்களில் பாடப்படுகிறது. அதே 1931இல்தான் இங்கே கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டெழுதி, தோட்டக் கூட்டங்களில் தானே பாடினார். இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னால் பெண்கள் பக்கம் இருந்து கேள்வி வரத் தொடங்கும். எங்கள் இடத்தில் வந்த முதல் கேள்வி, "அந்தக் கலண்டர்த் தாள் இப்ப எங்க இருக்கு?" என்பது.

ஆனால் "அவர்களும் நாமும் ஒன்று" என்று சொல்லிவிடாதீர்கள். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் சொன்னேன், அது சரியில்லை. அந்த மலையில் செரோக்கி மக்கள் இருந்தார்கள். 1838இல் அவர்களில் பெரும்பாலானவர்களைப் பட்டாளம் வைத்துத் துரத்தினார்கள். அங்கே குடியேறி இருந்தவர்களில் பலர் ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து வழிவந்தவர்கள். நம் கதை வேறு: கண்டிச்சீமைக்குக் கூட்டிவரப்பட்டு, 1948இல் குடியுரிமை இழந்து, நாடு எது என்று அலைந்த கதை. பாட்டுக்குள்ளே நுழைய ஒற்றுமை உதவும். உள்ளே போனபிறகு வித்தியாசத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்கானா என்றால் என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். பழைய நாட்டார் பாட்டு, கறுப்பின மக்களின் புளூஸ், தேவாலயப் பாட்டு, கண்ட்ரி எல்லாம் கலந்த வேரிலிருந்து இன்றைய ஆட்கள் புதிதாக எழுதிப் பாடுவது என்று சொல்லுங்கள், போதும். 2010இலிருந்து கிராமி விருதில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. 2025இல் அந்த அல்பம் விருதை வாங்கியவர் சியாரா பெரல், மேற்கு வேர்ஜீனியாக்காரி. பல வருசம் தெருவோரத்தில் பாடித் திரிந்தவர். இதைக் கேட்டதும் தரம் பத்தில் படிக்கும் பிள்ளை ஒன்று அவர் பெயரைக் கையில் எழுதிக்கொண்டது.

பாஞ்சோவும் தப்பும்

வாத்தியங்களில் பாஞ்சோவை மட்டும் நிதானமாக விளக்குங்கள். மற்றவை தெரிந்தவைதான், பிடில் என்பது நம் வயலினேதான், பிடிக்கும் விதமும் வில் போடும் விதமும் வேறு.

என் தாத்தா தப்பு அடித்தவர். பனிக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும். சருகைக் கூட்டித் தீமூட்டி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். நடுவில் விரலால் ஒரு சுண்டு சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். "இன்னும் வரல்ல" என்பார். மறுபடி தீ. சத்தம் 'டம்'மிலிருந்து 'டங்'குக்கு மாறும்போதுதான் குச்சியைக் கையில் எடுப்பார்.

பாஞ்சோவும் அடிப்படையில் அதுதான்: வட்டச் சட்டத்தில் இழுத்துக்கட்டிய தோல். அதற்கு ஒரு கழுத்து வைத்துத் தந்தி போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அதிகமானவை பிளாஸ்டிக் முகம். ஆனால் தோல் போட்ட பழைய மாதிரிப் பாஞ்சோ ஈரக்காற்றில் தப்பைப் போலவே தொய்யும். அதன் மூலம் ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் சுரைக்குடுவையில் செய்த வாத்தியம் அது. பின்னால்தான் மலைப்பக்கத்து வெள்ளைக்காரர் கைக்கு வந்தது. இதை மறைத்த காலம் ஒன்று இருந்தது. வட கரோலினாவின் ரியானன் கிடன்ஸ் போன்றவர்கள் அதைத் திரும்ப வெளியே எடுத்து வைத்தார்கள். அவரும் நண்பர்களும் ஜோ தொம்சன் என்ற வயதான கறுப்பினப் பிடில்காரரின் வீட்டுக்குப் போய், அவரோடு உட்கார்ந்து வாசித்தே அந்தப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டார்கள்.

கேட்கும்போது ஐந்தாவது தந்தியைக் கவனிக்கச் சொல்லுங்கள். மற்ற நாலும் கழுத்து முழுக்க ஓடும். இது மட்டும் கழுத்தின் இடையில் ஒரு முளையில் தொடங்கும் குட்டைத் தந்தி. பழைய முறையில் வாசிப்பவர் நகத்தால் மேலிருந்து கீழே தந்தியைத் தட்டுவார், பெருவிரல் அந்தக் குட்டைத் தந்தியை விட்டுவிட்டுச் சுண்டும். மெட்டு எங்கே போனாலும் அது மட்டும் ஒரே சுரத்தில் டிங் டிங் என்று நிற்கும். சுருதிப்பெட்டியும் தாளமும் ஒரே விரலில். அதைப் பிடித்துக்கொண்டால் பாட்டு முழுக்கக் கையில் வந்துவிடும். இன்னொன்று, அந்த மலையின் பழைய மெட்டுகள் பல ஐந்து சுரத்தில் நிற்பவை, நம் காதுக்கு மோகனம் மாதிரி விழும். எங்கள் கோயில் பஜனைக்குழு மாமா இரண்டாவது வரியிலேயே கூடச் சேர்ந்து முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். தடுக்காதீர்கள்.

வாத்தியமே இல்லாமல் பாடும் கதைப்பாட்டும் வரும். பாடுபவர் முகத்தில் ஒரு அசைவும் இருக்காது, குரலை உருட்டவும் மாட்டார். கொலை நடக்கும், பெண் ஆற்றில் மிதப்பாள், அவர் அரிசி விலை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போவார். நம் ஒப்பாரிக்குப் பழகிய காதுக்கு அது முதலில் கல்லாகத் தெரியும். இரண்டு தடவை கேட்டபிறகு, சோகத்தைக் கதையிடமே விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு விளங்கியது.

நாம் இருக்கிறோம் என்று சொல்வது

நேரலையின் மூலையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஒரு எண் ஓடும். வளரும் பாட்டுக்காரருக்கு அது சில நேரம் நாற்பதைத் தாண்டாது. நாம் பதினொரு பேர் ஒரு போனில் பார்த்தால் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அதனால் ஒரு வரி எழுதுங்கள்: இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பதினொரு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இங்கே விடியக்காலை என்று. பாட்டுக்கு நடுவில் போடாமல், முடிந்த கையோடு போடுங்கள், அப்போதுதான் அவர்கள் திரையைப் பார்ப்பார்கள்.

காசு அனுப்புவதைத் தட்டிக்கழிக்காதீர்கள். அங்கே சின்ன இடங்களில் தொப்பியைச் சுற்றி அனுப்புவார்கள்; நேரலையில் அதற்குப் பதிலாக ஒரு இணைப்பு இருக்கும். நாங்கள் பால்மாத் தகரம் ஒன்றைச் சுற்றி அனுப்புகிறோம். ஆளுக்கு இருபது, ஐம்பது, முடியாதவர் ஒன்றும் போட வேண்டாம். சம்பளம் போட்ட கிழமையில் வைத்தால் தகரம் கொஞ்சம் கனக்கும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்ட பேங்க் கார்டு ஒன்று வேண்டும். கைக்காசைச் சேர்த்து என் கார்டிலிருந்து அனுப்பிவிட்டு, அனுப்பிய சீட்டைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவேன். கணக்கு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்த தடவை தகரம் நிறையும். கச்சேரியைப் பதிவுசெய்து வேறெங்கும் ஏற்றாதீர்கள். அவர்களும் அதில்தான் சாப்பிட வேண்டும்.

தேத்தண்ணியை இரண்டு தடவையாகக் கொடுங்கள். வந்ததும் இஞ்சி தட்டிப்போட்ட சாயம், முடிந்ததும் ரொட்டியும் கட்டச் சம்பலும். நடுவில் கொடுத்தால் கோப்பைச் சத்தம்.

அந்த நவம்பர் ஞாயிறு

மணிக்கணக்கில் கவனமாக இருங்கள் என்று முதலிலேயே எழுதியதற்குக் காரணம் இது. மூன்றாவது தடவை, நவம்பர் இரண்டாவது ஞாயிறு. முந்திய கிழமைதான் அங்கே மணிக்கூட்டைப் பின்னே தள்ளிவிட்டார்கள், நான் அதைப் பார்க்கவில்லை. ஒன்பது பேரை மழைக்குள் எழுப்பி நாலரைக்கு உட்கார வைத்துவிட்டேன். திரையில் ஒன்றும் இல்லை; இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்று எண் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போய்ப் படுத்துவிட்டு வாருங்கள் என்றேன். ஒருவரும் எழும்பவில்லை, வெளியே அப்படி மழை.

என் அம்மாயி சுவரில் சாய்ந்திருந்தார். எண்பது தாண்டியவர், ஐம்பது வருசம் கொழுந்தெடுத்தவர். "இந்த நேரத்துக்குத்தான் பெரட்டுத் தப்பு அடிப்பாங்க" என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, ஒரு பாட்டை மெல்ல எடுத்தார். நான் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறேன், அந்தப் பாட்டை ஒரு நாளும் கேட்டதில்லை. தலையில் கூடை, முதுகில் பிள்ளை இல்லை, பிள்ளை மடுவத்தில் அழும் சத்தம் மலை உச்சிவரை வருகிறது என்று போனது. நாங்கள் உட்கார்ந்திருந்த அறையே அதுதான். இரண்டாவது அடி வந்ததும் பக்கத்தில் இருந்த பெரியம்மா சேர்ந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அதன்பிறகு ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு மணித்தியாலம் முந்தியே கூப்பிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்த மணித்தியாலத்துக்கு நிகழ்ச்சிநிரல் எழுதாதீர்கள், "பாட்டி, ஒன்னு பாடுங்க" என்று கெஞ்சாதீர்கள், எடுத்த எடுப்பில் போனை முகத்துக்கு நீட்டாதீர்கள். விளக்கைக் குறைத்து, சாயத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது எடுப்பார்கள், எடுக்காமலும் போகலாம். பாடினால், முடிந்தபிறகு பதிவுசெய்யலாமா என்று கேளுங்கள். சம்மதித்தால், மழையில்லாத ஒரு பகலில், தகரக் கூரைக்குக் கீழே இல்லாமல், போனை ஒரு முழம் தள்ளி வைத்து, அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பதிவுசெய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், யாரிடம் கேட்டுப் படித்தார், திகதி, ஐந்தையும் அவர் குரலிலேயே பாட்டுக்கு முன் சொல்ல வையுங்கள். அந்தப் பதிவை மூன்று இடத்தில் வையுங்கள். நான் கடையில் தினமும் செத்த போன்களைப் பார்ப்பவன்.

அந்த நவம்பர் ஞாயிறு, ஐந்தரைக்குப் பாட வேண்டிய பெண் திரையில் வந்தாள். பாஞ்சோவை மடியில் வைத்துக்கொண்டு சுருதி சேர்த்தாள். நாங்கள் எழுதிய வரியை முதல் பாட்டு முடிந்ததும் வாசித்தாள். ஹட்டனை அவள் வாயால் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். அங்கே மழையா என்று கேட்டாள். தரம் பத்துப் பிள்ளைதான் பதில் எழுதியது: ஆமாம், எங்கள் பாட்டி உங்களுக்கு முன்னமே பாடிவிட்டார் என்று. அவள் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, என்ன பாட்டு என்று கேட்டாள். அம்மாயியிடம் கேட்டோம்.

"பேரில்ல. சும்மா மலையில பாடுறது" என்றார்.

பிள்ளை அதை அப்படியே தட்டி அனுப்பியது.